உயிரோடிருந்தால் வரி

அத்தியாயம் பதினேழு

அன்புராசா குடும்பத்தில் பொய் சொல்லாதவர் என்று ஒருவரும் இல்லை. அதை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவரும் இல்லை. நல்ல மனிதர்களின் வீட்டில் இப்படித்தான் நடக்கும். ஒருவர் மனம் நோகக்கூடாதென்று எதையோ மறைப்பார்கள். பிறகு அதைக் கட்டிக்காப்பதிலேயே காலம் போய்விடும்.

கல்யாண வீடுகளுக்குக் கார் விடுவது அன்புராசாவின் தொழில். பனிக்காலத்தில் அவருடைய பழைய வெள்ளைக் கார் நெடுஞ்சாலையில் அடிபட்டு நொறுங்கிப்போனதும், டெட்ரோயிட்டில் தனியாக இருக்கும் அண்ணன் றெமிஜியஸ், “என்ர நீலக் காரைக் கொண்டு போடா தம்பி, எனக்கு இனி என்னத்துக்கு” என்று சொன்னதும், அந்தக் கார் இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கமே நிற்பதும் வாராவாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும். றெமிஜியஸின் வயிற்றில் புற்றுநோய். மாசி மாதம் கண்டுபிடித்தார்கள். கோடையைத் தாண்டமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இது ரொறன்ரோவில் இருக்கும் சொந்தம் சுற்றம் முழுவதற்கும் தெரியும். றெமிஜியஸுக்கு மட்டும் தெரியாது.

தெரியக்கூடாது என்று முடிவெடுத்தவர் தம்பி அன்புராசா. அண்ணனுக்குத் துணையாக அங்கே இருக்கும் பழைய கூட்டாளி நீக்கிலாப்பிள்ளை, டொக்டரை ஆஸ்பத்திரி நடைபாதையில் மறித்து, நோயாளிக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், என்ன இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிய செய்தி அது. றெமிஜியஸிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தார்கள். வயிற்றுப்புண்ணுக்கு ஏற்ற கஞ்சிமா, வயிற்றுப்புண்ணுக்கு ஏற்ற கசாயத்தூள் என்று மாதாமாதம் பொதி கட்டி அனுப்பியவள் அன்புராசாவின் மனைவி யூஜினி. ஒவ்வொரு பொதியைக் கட்டும்போதும் அவளுக்குக் கை கூசும். கட்டித்தான் அனுப்பினாள்.

இந்தச் சனிக்கிழமை காலை புருஷனும் மனைவியும் லோறன்ஸ் அவெனியூவில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் சுப்பிரமணியனின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பிரமணியன் திருச்சிக்காரர். எல்லையில் சாமான் இறக்குபவர்களுக்காகச் சுங்கத்தோடு பேசிக் காரியம் முடித்துக்கொடுப்பது அவருடைய வேலை. கீழேயிருந்து பாண் வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது.

அவர் கணினியைப் பார்த்தார், அன்புராசாவைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். அமெரிக்காவில் செய்த கார், அமெரிக்காவிலிருந்து வருகிறது, ஆகவே மதிப்பில் இருபத்தைந்து வீதம் மேல்வரி. இதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

அன்புராசா விடவில்லை. அது 1957ஆம் ஆண்டுக் கார், தன்னைவிட வயதில் மூத்தது, இந்த இரண்டு அரசாங்கமும் இப்போது பிடிக்கிற சண்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். பழசுக்கும் உண்டு என்றார் சுப்பிரமணியன். காசு கொடுத்து வாங்கவில்லை, கூடப்பிறந்தவர் சும்மா தருகிறார் என்றார். சும்மா தந்தாலும் சந்தையில் என்ன விலையோ அதற்கு வரி என்றார் சுப்பிரமணியன். அண்ணன் அந்தக் காரைப் பதினெட்டு வருடம் ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டித் தங்கம்போல் வைத்திருந்தது இப்போது வினையாக முடிந்தது. கறளும் துருவும் பிடித்துக் கிடந்திருந்தால் வரி குறைந்திருக்கும்.

எல்லாக் கதவையும் சாத்திவிட்ட மனவருத்தத்தில்தான் சுப்பிரமணியன் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதரில் ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு வீட்டு நிலைமை தெரியாது.

“ஒரே ஒரு வழி இருக்கு சார். அங்க யாராவது காலமாகி, உயில்ல உங்க பேருக்கு எழுதி வச்சிருந்தாங்கன்னா இந்த வரி வராது. அது நமக்கெதுக்கு, உங்க அண்ணன் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

யூஜினி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கவேண்டாம். அந்த முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. அடுத்த கணமே அவர் தலையைக் குனிந்துகொண்டார், அந்த வெளிச்சத்துக்கு வெட்கப்பட்டவர் மாதிரி. கெட்ட மனிதராக இருந்தால் வெட்கப்பட்டிருக்கமாட்டார். ஆனால் வெட்கம் ஒருவரை எவ்வளவு தூரம் தடுத்து நிறுத்தும்? தலையைக் குனிந்தபடியே அவர் கேட்டார்.

“அப்பிடியெண்டால் என்னென்ன வேணும்?”

யூஜினி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வீடு வெக்ஸ்போர்ட்டிலேயே, ஐந்து நிமிட ஓட்டம். அன்புராசா அந்த ஐந்து நிமிடத்தில் பாதியைப் பேசாமல் ஓட்டினார். பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும்போது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, அண்ணைக்கு எப்படியும் ஒரு வில், அதுதான் உயில், இருக்கத்தானே வேண்டும் என்றார். பிள்ளை குட்டி இல்லாத மனிதர், மனைவியும் போய்விட்டாள், எழுதாமல் விட்டால் அந்த வீடும் சாமானும் யாரிடமோ போய்விடும், இதைக் காருக்காகச் சொல்லவில்லை என்றார். காருக்காகச் சொல்லவில்லை என்பதை இரண்டாம் தரமும் சொன்னார்.

யூஜினி கேட்டுக்கொண்டிருந்தாள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரம் இதே காரில், இதே சந்தியில் அவள் அவரிடம் கெஞ்சியது நினைவுக்கு வந்தது. பெரியத்தான் றெமிஜியஸுக்கு ஒரு பங்குச் சாமியாரை அனுப்பி, சாகக்கிடப்பவருக்குக் கொடுக்கும் நோயில்பூசுதலைக் கொடுக்கவேண்டும் என்று கேட்டாள். எண்ணெய் பூசாமல் அனுப்பிவைத்துவிட்டு நாங்கள் இங்கே எந்த வாயால் செபம் சொல்வது என்று கேட்டாள். அன்புராசா மறுத்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் சாமியாரைக் கண்டால் அண்ணைக்கு எல்லாம் விளங்கிவிடும், அந்தப் பயத்திலேயே போய்விடுவார் என்றார். அன்றைக்கு யூஜினி வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் தம்பிக்குள் என்று விட்டுவிட்டாள்.

“நீர் ஒருக்கா அண்ணையோட கதையுமன்,” என்றார் அன்புராசா. “நீர் சொன்னால் அண்ணை கேக்கும். ஒரு லோயரை வீட்டை அனுப்பலாம். சும்மா ஒரு பாதுகாப்புக்கு எண்டு சொல்லும்.”

“சாமியாரை அனுப்ப ஏலாது, லோயரை அனுப்ப ஏலுமோ?”

பச்சை விளக்கு வந்து பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அன்புராசா காரை எடுத்தார்.

வீட்டில் மகன் அன்ட்ரூ வந்து காத்திருந்தான். விட்பியில் புது வீடு வாங்கிக் குடியேறிய பிறகு சனிக்கிழமைகளில்தான் அவனைக் காணலாம். காரை ஏற்றி வருவதற்கு ஒரு ட்ரக்குக்காரனைப் பேசி வைத்திருந்தான். தகப்பன் விஷயத்தைச் சொன்னார். யூஜினி சமையலறையில் நின்று கணவாய் மீனைத் துப்புரவாக்கத் தொடங்கினாள்.

அன்ட்ரூ கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை. காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்கிறவன், சாவை வைத்து யோசிக்கப் பழகியவன்.

“அம்மா, வில் இல்லாட்டி எப்பிடியும் கோர்ட்டுக்குப் போகும். ஹி நீட்ஸ் வன் எனிவே. அப்பா சொல்றதில லொஜிக் இருக்கு.”

லொஜிக் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. பைத்தியக்காரத்தனமாக ஏதாவது சொல்லியிருந்தால் ஏசிவிட்டுப் போயிருக்கலாம்.

தகப்பனும் மகனும் மேசையில் இருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்காபரோவில் துர்க்கா என்று ஒரு பிள்ளை, மண்டபம் கிடைத்த நாளென்று ஆடியையும் பாராமல் ஜூலை கடைசியில் கல்யாணம், படத்தைப் பார்த்துவிட்டு அந்த நீலக் கார்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று பதிந்திருக்கிறாள். வெள்ளைக் கார் போன பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருக்க, துர்க்காவின் தகப்பன் ஒருவர்தான் இன்னும் அன்புராசாவை நம்பி நிற்கிறார். அந்த வாக்கும் தவறினால் தொழிலை இழுத்து மூடவேண்டியதுதான். அன்ட்ரூ போனை எடுத்து நாட்காட்டியைப் பார்த்தான். டொக்டர் கடைசியாக எவ்வளவு நாள் என்று சொன்னவர் என்று கேட்டான். ஆனி முடிவுவரை, மிஞ்சினால் ஆடி தொடக்கம் என்றார் அன்புராசா.

“பேப்பர் வேர்க்குக்கும் நாள் வேணும். ஜூலை கடைசி எண்டால் டைட்தான்,” என்றான் அன்ட்ரூ.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். அன்புராசா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். யூஜினி கத்தியைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சனம் சொல்லும். இவர்கள் பிடுங்கக்கூட இல்லை. வீடு எப்போது எரிந்து முடியும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தன் புருஷன், மற்றவன் தான் பெற்ற பிள்ளை. யாரை நோவது?

“நான் கதைக்கிறன்,” என்றாள்.

எதைக் கதைப்பது என்று அவள் தீர்மானித்திருக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

யூஜினிக்கு றெமிஜியஸ் புருஷனின் அண்ணன் மட்டும் இல்லை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னர், இருபத்தைந்து வயதில், அன்புராசாவுக்கு நிச்சயித்த பெண்ணாக அவள் அமெரிக்கா வழியாக வந்தாள். எல்லையோரப் பஃபலோவில் அகதிகள் தங்கும் விடுதியில் கனடாக்காரர் கூப்பிடும்வரை காத்துக் கிடந்தாள். அன்புராசாவிடம் அப்போது எல்லை தாண்டிவரப் பத்திரம் இல்லை. றெமிஜியஸ்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு டெட்ரோயிட்டிலிருந்து கார் ஓடி வருவார். ஒரு பெட்டியில் சோறு, ஒரு பெட்டியில் மீன்குழம்பு. வந்து அவளோடு அதிகம் பேசமாட்டார். அவள் பெயர் கூப்பிட்ட நாளில் பாலத்தடிவரை கொண்டுவந்து விட்டார். பயப்படாமல் போ பிள்ளை, அவங்கள் கேக்கிறதுக்கு உண்மையைச் சொல்லு, நீ உள்ள போனதெண்டு தெரியும்வரை நான் இதிலதான் நிப்பன் என்றார். நின்றார். கொட்டுகிற பனியில் பின்னேரம்வரை நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

அவள் அழைத்தாள். றெமிஜியஸ் வீடியோவில் வந்தார். கராஜுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வைகாசி வெயிலில் பனிக்காலக் கோட்டுப் போட்டிருந்தார். கழுத்து கோட்டுக்குள் ஒரு குச்சிபோல நின்றது. பின்னால் அந்தக் காரின் நீல மூக்கு.

சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். கஞ்சி குடித்ததாகச் சொன்னார். அவள் அனுப்பிய வயிற்றுப்புண் தூளையும் தவறாமல் குடிப்பதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் சிரித்தது. அது ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

“அன்புவுக்கு ரக்ஸ் அடிச்சுப்போட்டாங்களாமே, பிள்ளை.”

“ஓம் பெரியத்தான். இருபத்தைஞ்சு வீதமாம்.”

“நான் செத்தால் இல்லையாம்.”

யூஜினியின் வாய் தன் பாட்டில் வேலை செய்தது. ஏன் உப்பிடிக் கதைக்கிறீங்கள், வயிற்றுப்புண்ணுக்கு ஆரும் சாகிறதோ என்று பழகிய பாட்டைப் பாடத் தொடங்கியது. றெமிஜியஸ் கையை உயர்த்தினார். அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

“எனக்கு மாசி மாசமே தெரியும், பிள்ளை. டொக்டர் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு எனக்குத்தான் முதல் சொன்னவர். இஞ்ச அப்பிடித்தான் சட்டம். நீக்கிலாப்பிள்ளை வெளியில வைச்சு ஏதோ கேட்டவன், அவர் பாவமெண்டு அவனுக்கும் சொன்னவர். அவன் வந்து வயிற்றுப்புண் எண்டான். அழுதழுது கண் வீங்கிப்போய் வந்து சொல்லுறான். நான் என்ன செய்யிறது? ஓமெண்டு தலையாட்டினன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே இரண்டு பக்கத்தாரும் ஒரே பூசணிக்காயை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். இவர்கள் அவர் மனம் நோகுமென்று, அவர் இவர்கள் மனம் நோகுமென்று. நாலு மாதம்.

வில்லும் எழுதியாகிவிட்டது என்றார். சித்திரையிலேயே எழுதிவிட்டார், வரி விஷயத்தைச் சொன்னதும் அந்த லோயர்தான். வீட்டை விற்று வருவது தேவாலயத்துக்கு, கார் தம்பிக்கு. ஆகவே அன்புவை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல், சும்மா இருந்தாலே போதும், கார் வரியில்லாமல் வந்துசேரும் என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் யூஜினிக்கு அழக்கூட வசதியாக இருந்திருக்கும்.

பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது.

“எல்லாம் விளங்குது, பிள்ளை. சாமியாரை மட்டும் ஏன் அனுப்பேல்லை?”

அவரே சொன்னார். தானே ஒரு சாமியாரைக் கூப்பிட்டிருக்கலாம்தான். கூப்பிட்டால் நீக்கிலாப்பிள்ளை அன்றைக்கே ரொறன்ரோவுக்கு அறிவித்துவிடுவான், தனக்குத் தெரியும் என்பது தம்பிக்குத் தெரிந்துவிடும், தம்பி உடைந்துபோவான். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நீங்களாக அனுப்புவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார்.

யூஜினி இப்போது அழுதுகொண்டிருந்தாள். மறைக்கவில்லை. மறைத்தது போதும் என்று இருந்தது.

“நான் ஒண்டு கேக்கிறன்,” என்றார் றெமிஜியஸ். “அந்தக் கார் வாறதெண்டால் நானும் அதுக்குள்ள இருந்து வரவேணும். பதினெட்டு வருஷமாத் திருத்தினனான், ஒரு தூரப் பயணம் போகேல்லை. உங்களோட கிடந்து சாகிறன். அன்புவை வந்து ஓடச் சொல்லு. உயிரோட கொண்டு வந்தால் வரி கட்டவேணும். அதையும் சொல்லு அவனுக்கு.”

வெளியே வந்து அவள் ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கேட்டதைக் கேட்டபடியே இரண்டு பேருக்கும் சொன்னாள்.

அன்ட்ரூ, நான் நாளைக்குக் கார் ஓடுகிறேன் அம்மா, போவோம் என்றான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அன்புராசா பேஸ்மன்றுக்கு இறங்கும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாசிக்குப் பிறகு அவர் ஒரு தரம்கூட டெட்ரோயிட்டுக்குப் போகவில்லை. தன் முகம் எதையும் ஒளிக்காது, தன்னைக் கண்டால் அண்ணைக்கு விளங்கிவிடும் என்பது அவர் சொல்லிவந்த காரணம். உண்மையான காரணமும்தான். அண்ணனைக் காப்பாற்ற என்று நினைத்து நாலு மாதமாக அவரைத் தனியே விட்டிருந்தார்.

“எந்த முகத்தோட நான் போய் அண்ணைக்கு முன்னால நிக்கிறது, யூஜினி?”

“இருக்கிற முகத்தோட,” என்றாள்.

அவர் எழுந்து வெளியே போனார். எஞ்சியிருந்த ஒரேயொரு கறுப்புக் கார் வாசலில் நின்றது. நேற்றுத்தான் கழுவியது. குழாயைத் திறந்து அதை மறுபடி கழுவத் தொடங்கினார். யூஜினி யன்னலால் பார்த்தாள். அவருக்காக அவளுக்கு இரக்கம் வந்தது. எரிச்சலும் வந்தது. முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அவள் பங்குத்தந்தை மரியரட்ணம் அடிகளாரை அழைத்தாள். நாளை இரண்டாம் பூசை முடிந்ததும் எண்ணெயோடு தானே கூட வருவதாக அவர் சொன்னார். ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதில் அவளுக்கே நினைவில்லை.

கணவாய்க் கறி அடுப்பில் கொதித்து அடங்கியது. ஒருவரும் சாப்பிட வரவில்லை. வெயில் சாய்ந்து, தெருவில் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் நேரத்தில் யூஜினியின் போன் அடித்தது. நீக்கிலாப்பிள்ளை. சுற்றிலும் பார வாகனங்களின் இரைச்சல்.

“பிள்ளை, நாங்கள் பாலத்தில நிக்கிறம். கனடாப் பக்கம்.”

யூஜினி போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிறமாதிரிப் போட்டாள். அன்புராசா ஈரக்கையோடு உள்ளே வந்தார்.

நீக்கிலாப்பிள்ளை அழாக்குறையாகச் சொன்னார். பின்னேரம் கராஜுக்குள் போய்ப் பார்த்தால் அண்ணை கல்யாண வீட்டுக்குப் போகிறவர்மாதிரி கோட் சூட் போட்டுக்கொண்டு காரின் முன் சீற்றில் ஏறி இருந்தாராம். இறங்கச் சொன்னால் இறங்கமாட்டேன் என்றாராம். நாளைக்குத் தம்பி வருவான் என்று சொல்லிப் பார்த்தாராம். நாளைக்கு நான் இருப்பேனோ என்று கேட்டாராம். கடைசியில் நீக்கிலாப்பிள்ளைதான் ஏறிக் காரை ஓட்டியிருக்கிறார்.

கனடாச் சாவடியில் நின்ற பெண் அதிகாரி எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டிருக்கிறாள். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், கனடாவில் எதையாவது விட்டுவிட்டுப் போகப்போகிறீர்களா. இல்லை என்று சொல்ல நீக்கிலாப்பிள்ளை வாயைத் திறந்திருக்கிறார். அதற்குள் றெமிஜியஸ் குனிந்து யன்னலுக்கு முகத்தைக் காட்டி ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார், ஓம், இந்தக் காரை, என்னையும்.

“அண்ணை உண்மையைச் சொல்லிப்போட்டுது, பிள்ளை. இல்லையெண்டிருந்தால் அப்பவே விட்டிருப்பாள். இப்ப ஓரமா மறிச்சுவைச்சிருக்கு. தம்பியோட கதைக்கவேணுமாம்.”

போன் கை மாறியது. அதிகாரியின் குரல் இளம் குரல், பொறுமையான குரல். அன்புராசாவின் பெயரைக் கேட்டாள், காரில் இருப்பவர் அவருடைய அண்ணன்தானா என்று கேட்டாள். பிறகு, மனிதாபிமானத்தோடுதான், ஒரு கதவைத் திறந்து காட்டினாள். உங்கள் அண்ணன் களைத்துப்போயிருக்கிறார், கேள்வி சரியாக விளங்கவில்லையோ தெரியாது. சொந்தக்காரரைப் பார்த்துவிட்டுக் காரோடு திரும்பிப் போகிறவர் என்றால் வரியும் இல்லை, ஒன்றும் இல்லை, இப்போதே விட்டுவிடலாம். அவர் திரும்பிப் போவார்தானே?

ஒரு சொல் போதும். ஓம் என்றால் கார் வரும், அண்ணன் வருவார், வரி வராது, துர்க்காவின் கல்யாணமும் நடக்கும். நாலு மாதமாக அந்த வீட்டில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அன்ட்ரூ தகப்பனைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்கிறமாதிரி. அன்புராசா யூஜினியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நோ,” என்றார் அன்புராசா. “ஹி வில் நொட் கோ பாக். மை பிரதர் இஸ் டையிங்.”

மாசியிலிருந்து அன்புராசா ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. தமிழில் என்றால் அவர் வாயில் வந்திருக்குமோ தெரியாது. சொன்ன பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரி எவ்வளவென்றாலும் நான் கட்டுகிறேன், இப்போதே வருகிறேன், அவரை அனுப்பிவிடாதீர்கள் என்று அதே ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். யூஜினி போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

போனில் வாகன இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு இருமல். பிறகு, தூரத்திலிருந்து, றெமிஜியஸின் குரல்.

“சரி தம்பி. கெதியா வா.”

அதிகாரி தன் உத்தியோகக் குரலுக்குத் திரும்பியிருந்தாள். கார் வேறு விஷயம், அதற்குக் கணக்குப் போடலாம் என்றாள். ஆனால் இவ்வளவு சுகவீனமான ஒருவர் திரும்பிப் போகாத எண்ணத்தோடு வருகிறார் என்றால் அதைத் தன்னால் தீர்மானிக்க முடியாது, மேலதிகாரியிடம் கொண்டுபோகவேண்டும், கார்த் திறப்பைக் கையில் தாருங்கள் என்று நீக்கிலாப்பிள்ளையிடம் கேட்டாள். அந்தப் பழைய காரின் பாரமான கதவு திறந்து சாத்துகிற சத்தம் வந்தது.

அன்ட்ரூ ஓடிப்போய்த் தன் காரை இயக்கினான். அன்புராசா வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டப் பார்த்தார், விரல் கேட்கவில்லை. யூஜினி முழங்காலில் இருந்து கட்டிவிட்டாள். ஒரு கையில் போன். மரியரட்ணம் அடிகளார் இந்த நேரம் வீட்டில் இருப்பாரா, இன்றைக்கே வருவாரா என்று அவள் மனம் அங்கே ஓடியது. அந்தப் பாலம் இறங்கும் வின்ட்சருக்கு நாலு மணித்தியாலம்.

போன் துண்டிக்கப்படவில்லை. நீக்கிலாப்பிள்ளையின் குரல் மறுபடி வந்தது.

“அன்பு, கேக்குதோ? அண்ணையை ஒரு தள்ளுகதிரையில இருத்திக் கொண்டுபோறாங்கள். என்னைக் கூட வரவேண்டாமெண்டுறாங்கள். எந்தப் பக்கம் கொண்டுபோறாங்களெண்டு தெரியேல்லை.”